பெல்ட்டுக்கு மேல் ஒரு கேமரா: டிவைஸ் ட்ரீ ஸ்கீமாவை ஏன் சுருக்கச் சொல்கிறார்கள்?

ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் நாங்கள் கேமரா போர்டு செய்கிறோம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலைகள் நிறைய. ஜூன், ஜூலையில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா நின்று, அடிபட்டது எது, அழுகல் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் போர்டு அதற்குத்தான்.

போன சீசனுக்கு முன்பு ஒரு புது இமேஜ் சென்சாருக்கு (கேமராவில் படம் பிடிக்கிற சிப்) டிரைவர், அதாவது அதை இயக்குகிற நிரல், எழுதி லினக்ஸ் கெர்னலுக்கு (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) அனுப்பினோம். எழுதியவர் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த ஒரு பெண். டிரைவர் கிட்டத்தட்ட ஆயிரம் வரி. அதைப் பற்றிக் கேள்விகள் அளவாகத்தான் வந்தன. கூடவே வைத்து அனுப்பிய டிவைஸ் ட்ரீ ஸ்கீமா கோப்பு, அதாவது இந்தச் சென்சாரை போர்டு விவரக் கோப்பில் எப்படி எழுத வேண்டும் என்று விதி சொல்வது, நூற்றுச் சொச்சம் வரி. திருத்தம் மேல் திருத்தம் வந்தது அதற்குத்தான். இந்த வரி வேண்டாம், இந்த விளக்கம் தேவையில்லை, இது பொதுக் கோப்பிலேயே இருக்கிறது, இது ஹார்டுவேர் இல்லை, டிரைவர் சமாச்சாரம். மூன்றாவது தடவை பேட்ச் (நாங்கள் அனுப்பிய மாற்றங்களின் தொகுப்பு) திரும்பி வந்தபோது அவர் என்னிடம் வந்தார். "அண்ணா, எல்லாத்தையும் விளக்கமா எழுதி வச்சா நல்லதுதானே? எதுக்கு இத்தனையையும் எடுக்கச் சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. முழுசாக இப்போது எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கோப்பு எதற்கு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வெப்கேம் ஒன்றைச் செருகினால் அது தானே தன் பெயரையும் தயாரிப்பாளர் எண்ணையும் சொல்லிவிடும். பிசிஐ கார்டும் அப்படித்தான். ஆனால் போர்டில் நேரடியாகப் பற்றவைத்த, அல்லது ரிப்பன் கேபிளில் கோத்த கேமரா சென்சார் ஊமை. ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பியில் ஏதோ ஒரு முகவரியில் அது உட்கார்ந்திருக்கும். அங்கே இருப்பது கேமராவா, வெப்பமானியா என்று கெர்னலுக்குத் தெரிய வழியே இல்லை. எந்த முகவரி, எந்த மின்சாரம், எந்த கிளாக், படத் தரவு எந்தக் கம்பியில் வருகிறது, எல்லாவற்றையும் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

முன்பு ஏஆர்எம் (கைபேசிகளிலும் இந்த மாதிரி போர்டுகளிலும் இருக்கிற செயலி வகை) உலகத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி மொழிக் கோப்பு எழுதிக் கெர்னலுக்குள்ளேயே திணித்து வந்தார்கள். 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்துப் பொறுமையிழந்து கடுமையாகப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் ஏஆர்எம் பக்கம் டிவைஸ் ட்ரீ வேகமாக வந்தது. யோசனை என்னவோ அதைவிடப் பழையது. 1994இல் ஐஇஇஇ 1275 என்ற பெயரில் வந்த ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்தில் இதன் வேர் இருக்கிறது. பவர்பிசி கணினிகளில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. போர்டில் என்னென்ன இருக்கிறது என்பதைத் தனிக் கோப்பாக எழுதுகிறோம், அதுதான் டிவைஸ் ட்ரீ. அதை பைனரியாக மாற்றி வைத்தால், போர்டைக் கிளப்புகிற பூட்லோடர் நிரல் அதைக் கெர்னல் கையில் கொடுக்கிறது. ஒரே கெர்னல் நூறு போர்டில் ஓடும்.

இதில் இரண்டு காகிதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு குறிப்பிட்ட போர்டைப் பற்றி எழுதுவது டிவைஸ் ட்ரீ மூலக் கோப்பு. அது நிரப்பிய படிவம். அந்தப் படிவத்தில் என்னென்ன கட்டம் இருக்கலாம், எது கட்டாயம், எதில் என்ன எழுதலாம் என்று சொல்வது பைண்டிங். அது அச்சடித்த வெற்றுப் படிவம். 2019 மார்ச்சில் கெர்னல் 5.0 வரும்வரை பைண்டிங்குகள் சாதாரண உரைக் கோப்புகள்தான். மனிதர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான், இயந்திரம் சரிபார்க்க முடியாது. அந்தப் பதிப்பிலிருந்து யாம்ல் என்ற உரை வடிவத்தில், ஜேசன் ஸ்கீமா என்ற தரத்தின் விதிகளின்படி எழுத ஆரம்பித்தார்கள்; அப்படி எழுதிய பைண்டிங்கைத்தான் ஸ்கீமா என்கிறோம். ஒரு கட்டளை கொடுத்தால் படிவம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். இன்னொரு கட்டளை கொடுத்தால் நிரப்பிய படிவம் எல்லாவற்றையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ராப் ஹெர்ரிங், கிரிஸ்டாஃப் கோஸ்லோவ்ஸ்கி, கானர் டூலி ஆகியோர் இந்தப் பகுதியின் பராமரிப்பாளர்கள். கெர்னலுக்கு வருகிற புது பைண்டிங் எதுவானாலும் அவர்கள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும்.

சரி, சுருக்கச் சொல்வதற்கு வருவோம்.

நம்ம ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். புலப்படம் என்று ஒன்று உண்டு. சர்வே எண், எல்லைக் கற்கள், ஒவ்வொரு பக்கத்தின் நீளம், அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்த நிலத்தில் இந்தப் போகம் ராகி போட்டார்களா, தக்காளி போட்டார்களா என்பது அடங்கலில் இருக்கும். அது கிராம நிர்வாக அலுவலர் போகத்துக்குப் போகம் எழுதுவது. தக்காளியை விட்டு ரோஜாவுக்கு மாறினால் யாரும் புலப்படத்தைத் திருத்துவதில்லை. பைண்டிங் புலப்படம். டிரைவர் என்ன பயிர் செய்கிறது என்பது வேறு கணக்கு. டிரைவர் மாறும், மறுபடி எழுதப்படும், வேறு இயங்குதளத்தில் வேறு மாதிரி இருக்கும். அதே டிவைஸ் ட்ரீயை யூ-பூட் என்ற பூட்லோடர் படிக்கிறது, ஃப்ரீ-பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் படிக்கிறது. போர்டோடு போன பைனரியை வாங்கியவர் பத்து வருடம் மாற்றாமல் வைத்திருக்கலாம். புதுக் கெர்னல் அதோடும் ஓட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

அதனால் ஸ்கீமாவில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. டிரைவரில் தப்பு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். ஸ்கீமாவில் ஒரு பண்பை (படிவத்தின் ஒரு கட்டத்தை) அறிமுகப்படுத்திவிட்டால், அதை நம்பி எங்கோ ஒரு போர்டு வந்துவிட்டால், எடுப்பது லேசில்லை. ரிவியூவில் வரி வரியாக வெட்டச் சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே என்கிறார்கள்.

வீடியோ சாதனங்களில் மட்டும் இந்தப் பிரச்சினை ஏன் இவ்வளவு கூர்மையாக வருகிறது என்றால், அங்கே ஒரு சாதனம் தனியாக நிற்பதில்லை. சென்சார் இருக்கும், அதிலிருந்து சிஎஸ்ஐ-2 என்ற கேமரா இணைப்பு வழியாகப் படத்தை வாங்குகிற ரிசீவர் இருக்கும், அதற்கப்புறம் ஐஎஸ்பி என்கிற படச் செயலி இருக்கும். எது எதோடு கோத்திருக்கிறது என்பதை போர்ட், எண்ட்பாயிண்ட் என்ற இரண்டு வகை முனைகளை (டிவைஸ் ட்ரீயின் கிளைகளை) வைத்து எழுதுவார்கள். போர்ட் என்றால் சாதனத்தின் வாசல். எண்ட்பாயிண்ட் என்றால் அந்த வாசலில் வந்து முடிகிற கம்பியின் நுனி. ஒவ்வொரு நுனியும் ரிமோட்-எண்ட்பாயிண்ட் என்ற பண்பின் வழியாக எதிர்நுனியைக் காட்டும். படம் எத்தனை ஜோடிக் கம்பியில் போகிறது என்பது டேட்டா-லேன்ஸ்; ஒரு ஜோடி ஒரு லேன். எந்த வேகத்தில் என்பது லிங்க்-ஃப்ரீக்வென்சீஸ்.

இந்தப் பண்புகள் எல்லா கேமராவுக்கும் பொது. அதனால் இவற்றை ஒரே இடத்தில், வீடியோ-இன்டர்ஃபேசஸ் என்ற பொது ஸ்கீமாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டறை அனுப்பிய முதல் வடிவத்தில் எண்ட்பாயிண்ட் பகுதி மட்டும் முப்பது வரிக்கு மேல். லிங்க்-ஃப்ரீக்வென்சீஸ் என்றால் என்ன என்று நாலு வரி விளக்கம், அது 64 பிட் எண்களின் பட்டியல் என்று ஒரு வகைக் குறிப்பு, ரிமோட்-எண்ட்பாயிண்ட் பற்றி ஒரு பத்தி, கிளாக் லேனுக்கு ஒரு பத்தி. எல்லாமே சரியான தகவல்தான். ஆனால் எல்லாமே பொதுக் கோப்பில் ஏற்கெனவே, இன்னும் துல்லியமாக இருந்தது. ரிவியூ முடிந்தபோது அந்த இடத்தில் மிச்சமிருந்தது மூன்றே விஷயம்: பொதுக் கோப்பைச் சுட்டும் ஒரு வரி, எங்கள் சென்சாருக்கே உரிய டேட்டா-லேன்ஸ் கட்டுப்பாடு, கதவைச் சாத்துகிற ஒரு வரி.

அந்தக் கதவு வரியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், பலர் தடுமாறுவது அங்கேதான். ஸ்கீமாவில் பட்டியலிடாத பண்பை யாராவது எழுதினால் தப்பு என்று சொல்ல இரண்டு வழி இருக்கிறது. அடிஷனல்-பிராப்பர்டீஸை ஃபால்ஸ் என்று போட்டால், இந்தக் கோப்பில் கண்ணெதிரே எழுதியிருப்பதை மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். பொதுக் கோப்பிலிருந்து வருவதைப் பயன்படுத்த வேண்டுமானால் அதன் பெயரையும் இங்கே ஒரு தடவை எழுதி 'ஆம்' என்று வைக்க வேண்டும். அன்இவேல்யுவேட்டட்-பிராப்பர்டீஸை ஃபால்ஸ் என்று போட்டால், சுட்டிய பொதுக் கோப்பில் இருப்பதும் கணக்கில் சேரும். அதையும் தாண்டிய புதுப் பெயர் வந்தால்தான் மறுக்கும். இரண்டாவது வசதி ஜேசன் ஸ்கீமாவின் 2019-09 வரைவில்தான் வந்தது. எங்கள் கோப்பில் இரண்டாவதைப் போட்டுவிட்டு, பொதுப் பண்புகளின் பெயரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தோம். கதவையும் திறந்துவிட்டு விருந்தாளிப் பட்டியலையும் கையில் வைத்திருந்த மாதிரி. பட்டியல் போனது.

இங்கே ஒரு பழைய சங்கதியையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வழியை எழுதச் சொல்லி வெகுநாள் ஆனபிறகும், சரிபார்க்கும் கருவிக்கு அடியில் இருந்த பைத்தான் நூலகத்தில் அது செயல்படவே இல்லை. வரி இருக்கும், சோதனை ஒன்றையும் பிடிக்காது. 2021 வாக்கில் அந்த நூலகத்தில் ஆதரவு வந்த பிறகுதான் சோதனை நிஜமாக ஓட ஆரம்பித்தது. அதுவரை சரி என்று நினைத்திருந்த எத்தனையோ கோப்புகளிலிருந்து அப்போதுதான் எச்சரிக்கை கொட்டியது. பழைய பைண்டிங் ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள் என்று ரிவியூவில் அடிக்கடி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய கோப்பு பாஸ் ஆனது என்றால், அது பாஸ் ஆன காலத்தில் கேட்ட கேள்வி குறைவு.

சுருக்குவது என்றால் தளர்த்துவது என்று அர்த்தமில்லை. டேட்டா-லேன்ஸ் விஷயத்தில் எங்கள் கோப்பு நீளமாகத்தான் ஆனது. நாங்கள் வேறொரு சென்சாரின் கோப்பைப் பார்த்து, குறைந்தது ஒன்று, அதிகபட்சம் நான்கு என்று இரண்டு வரியில் முடித்திருந்தோம். எங்கள் சிப்புக்கோ இரண்டு லேன் அல்லது நான்கு லேன், இவை மட்டும்தான். யாராவது மூன்று என்று எழுதினால் சோதனை பேசாமல் விட்டுவிடும். போர்டு கிளம்பி, படம் வராமல், அலைக்காட்டியை வைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். திருத்திய வடிவத்தில் 'ஒன்று, இரண்டு' அல்லது 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என இரண்டே வரிசைகள் எழுதப்பட்டன. ஏழெட்டு வரி கூடியது. ஆனால் படிப்பவருக்குச் சந்தேகமே இல்லை. இதையும் நான் எளிமை என்றுதான் சொல்வேன்.

இதற்கு நேர் உதாரணம் ஐஎம்எக்ஸ்219. 2016இல் வந்த ராஸ்ப்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2இல் இருக்கிற சோனி சென்சார், 8 மெகாபிக்சல். நிறையப் பேர் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த மாட்யூலில் கம்பி இழுத்திருப்பது இரண்டு லேனுக்கு. முதலில் கெர்னலுக்குள் வந்த டிரைவருக்கும் இரண்டு லேன்தான் தெரியும். நான்கு என்று எழுதினால் மறுத்துவிடும். ஆனால் பைண்டிங் அன்றைக்கே இரண்டும் ஆகும், நான்கும் ஆகும் என்று எழுதியிருந்தது. ஏனென்றால் சிப் அப்படி. பிற்பாடு டிரைவரில் நான்கு லேன் ஆதரவு வந்தபோது பைண்டிங்கில் அதற்காக எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பட்டறையில் இதைக் காட்டியபோதுதான் அந்தப் பெண் முகத்தில் தெளிவு வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு சிப்புக்கு ஒரே ஒரு மதிப்புதான் சாத்தியம் என்றால் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம். சென்சாரின் பெயரிலிருந்தே அது தெரிந்துவிடும். சிஎஸ்ஐ-2 மட்டுமே தெரிந்த சென்சாருக்கு பஸ்-டைப் (இணைப்பு வகை) என்று ஒரு பண்பைக் கட்டாயமாக்குவது வீண். ஓவி5640 சென்சார் மாதிரி, பேரலல் (பல கம்பிகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும்) வழியிலும் சிஎஸ்ஐ-2 வழியிலும் பேசக்கூடிய சிப்பானால் கதை வேறு. அங்கே போர்டில் எப்படிக் கோத்திருக்கிறது என்பது உண்மையான கேள்வி.

மற்ற வெட்டுகள் சின்னவை, வேகமாகச் சொல்லிவிடலாம். கிளாக் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதற்குப் பெயர்ப் பட்டியல் வேண்டாம், எண்ணிக்கை ஒன்று என்று சொன்னால் போதும். 'கிளாக்கைச் சுட்டும் குறிப்பு' என்று கிளாக் பண்புக்கு விளக்கம் எழுதுவதில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அசைன்ட்-கிளாக்ஸ், ஸ்டேட்டஸ், பின்-கண்ட்ரோல் வகையறாப் பண்புகளைச் சரிபார்க்கும் கருவியே சேர்த்துக்கொள்ளும். எடுத்துக்காட்டில் ஸ்டேட்டஸ் ஓகே என்று எழுத வேண்டாம், சொல்லாவிட்டால் ஓகேதான். யாரும் சுட்டாத லேபிள் வேண்டாம். தலைப்பில் 'டிவைஸ் ட்ரீ பைண்டிங்' என்று மறுபடி சொல்ல வேண்டாம், கோப்பு இருக்கிற இடமே அதைச் சொல்கிறது. வரிமுறிவைக் காக்கத் தேவையில்லாத உரைக்கு முன்னால் நிற்கோடு போட வேண்டாம். ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். ஆயிரக்கணக்கான பைண்டிங்குகளைப் படிக்கிறவர் இடத்தில் நின்று பாருங்கள். எல்லாக் கோப்பும் ஒரே முகவெட்டில் இருந்தால்தான் எதில் வித்தியாசம் இருக்கிறதோ அது மட்டும் கண்ணில் குத்தும்.

டிரைவர் சமாச்சாரம் ஹார்டுவேர் விவரிப்புக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவால்காமின் வீனஸ் நல்ல பாடம். அது வீடியோவைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்குமான சிப் பகுதி; நிறைய ஸ்னாப்டிராகன் செயலிகளில் இருக்கிறது. அதன் விவரிப்பில் வீடியோ-டிகோடர், வீடியோ-என்கோடர் என்று இரண்டு குழந்தை முனைகளை வைத்தார்கள். ஸ்னாப்டிராகன் 410 மாதிரி செயலிகளில் அந்த முனைகளுக்குள் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. முகவரி இல்லை, கிளாக் இல்லை. டிரைவர் தன்னை என்கோடர், டிகோடர் என்று இரண்டு சாதனமாகக் காட்டிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று வைத்தது. ஒரு வயலில் இரண்டு பயிர் போடுவதற்காகப் புலப்படத்தில் நடுவே கோடு போட்ட மாதிரி. பல வருடம் கழித்து அந்த வேலையை டிரைவருக்குள்ளேயே செய்ய வழி பண்ணி, ஸ்கீமாவில் அந்த முனைகளைப் பழையது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்தார்கள். குறிக்க முடிந்தது, ஒரேயடியாக அழிக்க முடியவில்லை. அதை நம்பிய போர்டுகள் வெளியே இருக்கின்றனவே.

கஷ்டமான முடிவு எது என்றால், நிபந்தனைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாலைந்து சிப்புகளை ஒரே கோப்பில் எழுதுவோம். இந்தச் சிப்பானால் கிளாக் மூன்று, அந்தச் சிப்பானால் ஐந்து, இன்னொன்றானால் ரீசெட் கிடையாது என்று 'ஆனால், என்றால்' பகுதி வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சிப் சேரும்போதும் பத்து வரிதான் கூடுகிறது, அதனால் யாருக்கும் உறுத்தாது. ஒரு நாள் பார்த்தால் கோப்பின் பாதி நிபந்தனையாக இருக்கும், ஒரு சிப்புக்கு என்ன தேவை என்று கண்டுபிடிக்க நாலு இடத்தில் விரல் வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் கோப்பைப் பிரித்துவிடுவதுதான் எளிமை. மொத்த வரி கூடும், பரவாயில்லை. வீனஸில் அப்படித்தான் செய்தார்கள்: பொதுவானதை ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கோப்பு. குவால்காமின் கேமரா பகுதியான கேம்-எஸ்எஸ்ஸுக்கும் செயலிக்கு ஒரு கோப்புதான். வரியை எண்ணிப் பார்த்து எளிமையை அளப்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒரு போர்டு செய்பவர் தன் சிப்பின் கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்து, மூடிவிட வேண்டும்.

ரிவியூவில் வந்த ஒரு வெட்டை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை; காரணம் சொன்னோம், ஒத்துக்கொண்டார்கள். மின் இணைப்புகள் மூன்றுக்கும் எழுதியிருந்த விளக்கத்தை எடுக்கலாமே என்று ஒரு கருத்து வந்தது. பெயரே சப்ளை என்று முடிகிறது, வகையைக் கருவி அறியும், உண்மைதான். ஆனால் கேமரா சென்சார்களின் டேட்டாஷீட் பெரும்பாலும் வெளியே கிடைப்பதில்லை; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட், உள்ளீடு வெளியீட்டுக்கு 1.8, மையத்துக்கு 1.2 என்று ஐஎம்எக்ஸ்219 கோப்பில் ஆளுக்கொரு வரி இருக்கிறது. அந்த மாதிரி வரி ஒரு சின்னப் பட்டறைக்குச் சோறு போடுகிற வரி. ரீசெட் கம்பி கீழிறங்கும்போது செயல்படுமா, மேலேறும்போதா என்பதும் அப்படித்தான். வேறெங்கும் கிடைக்காத உண்மை ஸ்கீமாவில் இருக்கட்டும். மற்ற இடத்தில் கிடைப்பது போகட்டும் என்று எழுதி அனுப்பினோம். அந்த மூன்று வரியும் இன்னும் இருக்கிறது.

கடைசியாக எடுத்தது ரொட்டேஷன். ஆலையில் இடம் போதாமல் கேமராவை பெல்ட்டுக்கு மேலே தலைகீழாக மாட்டியிருந்தோம். அதனால் ஸ்கீமாவில் ரொட்டேஷன் 180 என்று ஒரு கட்டாய வரி போட்டு வைத்திருந்தார் டிரைவர் எழுதிய அந்தப் பெண். ஆனால் தலைகீழாகத் தொங்குவது எங்கள் போர்டுதானே, சென்சார் இல்லை. வேறொருவர் அதே சென்சாரை நேராக மாட்டுவார். ரொட்டேஷன், ஓரியன்டேஷன் இரண்டும் கேமராக்களுக்கான இன்னொரு பொதுக் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பைச் சுட்டிவிட்டு எங்கள் வரியை எடுத்தோம். 180 என்ற எண் எங்கள் போர்டின் டிவைஸ் ட்ரீயில், சென்சார் முனைக்குள் போய் உட்கார்ந்தது. ஐந்தாவது தடவை அனுப்பிய பேட்சுக்கு ரிவியூ செய்தவரின் ஒப்புதல் வந்தது. அந்த வாரமே ஆலைக்குப் போய்ப் புதுக் கெர்னலை ஏற்றினோம். திரையில் மாங்காய்கள் காம்பு மேலே பார்க்க நிமிர்ந்து ஓடின.